குதிரையும் போச்சு, லாடமும் போச்சு

உட்டா மாநிலத்துக்கும் ஜாஸ் இசைக்கும் என்னங்க சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. உப்பு ஏரி, பனிமலை, அமைதியான ஊரு. ஆனா அந்த ஊர் பாஸ்கெட்பால் டீமோட பேரு உட்டா ஜாஸ்! விஷயம் என்னன்னா, அது 1974ல நியூ ஆர்லியன்ஸ்ல ஆரம்பிச்ச டீம். ஜாஸ் பொறந்த ஊரு, அதனால பேரு கச்சிதமா இருந்தது. 1979ல சால்ட் லேக் சிட்டிக்கு மூட்டை கட்டினாங்க. மூட்டைக்குள்ள பேரும் சேர்ந்து போயிடுச்சு.

லேக்கர்ஸ் கதையும் இதேதான். ஏரிகளுக்குப் பேர்போன மின்னசோட்டாவுல, மின்னியாபோலிஸ் நகரத்துல இருந்த டீம் அது. 1960ல லாஸ் ஏஞ்சலஸ் வந்துட்டாங்க. அங்க ஏரிக்கு எங்க போறது? டாட்ஜர்ஸ்ங்கிற பேஸ்பால் டீம் 1958ல நியூயார்க்கோட ப்ரூக்ளின்ல இருந்து அதே லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தது. ப்ரூக்ளின் தெருவுல ட்ராம் வண்டிக்குத் தப்பிச்சு ஓடுற ஜனங்களை வெச்சு வந்த பேரு அது. இன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல அந்தப் பேரோட அர்த்தம் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேக்கறதுக்குத் தமாஷாதான் இருக்கு. ஆனா பால்டிமோர் பக்கம் வந்து, அறுபது வயசு தாண்டின ஒருத்தர்கிட்ட இந்தத் தமாஷைச் சொல்லிப் பாருங்க. சிரிக்க மாட்டார்.

நான் இந்த ஊர் பக்கத்துல குப்பை கொட்ட ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்த புதுசுல அமெரிக்கன் ஃபுட்பால்னா, ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் விழுற விளையாட்டு, அவ்வளவுதான். ஆபீஸ்ல பக்கத்து இருக்கையில ஒரு பெரியவர் இருந்தார். இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவர். எல்லா டீம் பேரையும் சொல்லுவார், ஒண்ணே ஒண்ணைத் தவிர. அதை மட்டும் "இண்டியானாவுல இருக்கிற அந்த டீம்"னுதான் சொல்லுவார். சிவனேன்னு இருந்த நான் ஒரு நாள் "கோல்ட்ஸா?"ன்னு கேட்டு வெச்சேன். அப்புறம் அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது :-)

கோல்ட்னா குதிரைக்குட்டி. பால்டிமோருக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ரொம்ப காலத்து உறவு. பிம்லிகோ பந்தய மைதானம் இந்த ஊர்லதான் இருக்கு. அதனால ஊரு ஜனங்களே ஆசையா ஏத்துக்கிட்ட பேரு பால்டிமோர் கோல்ட்ஸ். ஹெல்மெட்ல ஒரு குதிரை லாடம். இப்போ நாம பேசுற டீம் 1953ல வந்தது. 1958ல நியூயார்க்குக்கே போய், நியூயார்க் ஜயண்ட்ஸை 23க்கு 17னு கூடுதல் நேரத்துல ஜெயிச்சு சாம்பியன் ஆனாங்க. இதுவரைக்கும் ஆடினதுலயே மகத்தான ஆட்டம்னு அதைத்தான் இங்க பல பேர் சொல்லுவாங்க. அன்னிக்கு ஜெயிக்க வெச்ச ஜானி யுனைடஸ் இந்த ஊருக்குக் கிட்டத்தட்ட குலசாமி.

இங்க டீம்ங்கிறது ஒரு கம்பெனி மாதிரி, அதுக்கு ஒரு முதலாளி. 1972ல இருந்து கோல்ட்ஸோட முதலாளி ராபர்ட் இர்ஸே. ஸ்டேடியம் பழசு, புதுசா கட்டிக் கொடுங்கன்னு அவருக்கும் ஊருக்கும் பல வருஷம் இழுபறி. 1984 மார்ச்ல டீமை அரசாங்கமே கையகப்படுத்த வழி பண்ற மசோதா மேரிலாந்து சட்டசபைக்கு வந்துடுச்சு. முதலாளி முந்திக்கிட்டார். மார்ச் 28ம் தேதி ராத்திரி, லாரிங்க வரிசையா வந்து நின்னுச்சு. ஹெல்மெட், சட்டை, மேஜை, கோப்பைன்னு எல்லாத்தையும் விடியறதுக்குள்ள ஏத்திக்கிட்டு இண்டியானாபோலிஸுக்குக் கிளம்பிட்டாங்க. காலையில எழுந்த ஊருக்கு டீம் இல்லை.

டீம் போனதுகூட வியாபாரம்னு விட்டுடலாம். பேரு?

பேண்டு வாத்தியக் குழு ஒண்ணு இருந்தது. கோல்ட்ஸ் பேண்டு. அவங்க சீருடை மட்டும் அன்னிக்குச் சலவைக்குப் போயிருந்ததால தப்பிச்சது. அதைப் போட்டுக்கிட்டு அவங்க பாட்டுக்கு வாசிச்சாங்க. எந்த டீமுக்கு? எந்த டீமுக்கும் இல்லை! இல்லாத ஒரு டீமோட பேண்டா, ஊர்வலத்துலயும் அடுத்த ஊரு மைதானங்கள்லயும் பன்னிரண்டு வருஷம் வாசிச்சாங்க. இதைப் பெரியவர் சொன்னப்போ எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

அடுத்தது இன்னும் கொடுமை. 1994ல கனடா நாட்டு ஃபுட்பால் லீகோட டீம் ஒண்ணு பால்டிமோருக்கு வந்தது. சந்தோஷமா கோல்ட்ஸ்னு பேரு வெச்சாங்க. இண்டியானாபோலிஸ்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அந்தப் பேரு எங்களுக்குச் சொந்தம், ஜனங்க குழம்பிடுவாங்கன்னு வாதம். கோர்ட்டும் அதை ஒத்துக்கிச்சு. குதிரைப் பந்தய ஊரு, அந்த ஊர் வெச்ச பேரு, அந்த ஊரே அதை வெச்சுக்கக் கூடாதாம். பேரில்லாமலே ஒரு வருஷம் ஆடினாங்க. மைதானத்துல ஒலிபெருக்கியில "உங்கள் பால்டிமோர்..."னு சொல்லிட்டு நிறுத்துவாங்களாம். மொத்தக் கூட்டமும் "கோல்ட்ஸ்!"னு கத்துமாம். கூட்டத்து மேல கேஸ் போட முடியாது இல்லியா :-)

அடுத்த வருஷம் ஸ்டாலியன்ஸ்னு பேரை மாத்திக்கிட்டாங்க. குட்டி வளர்ந்து குதிரை ஆயிடுச்சு. 1995ல கனடா லீகோட கிரே கோப்பையையும் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் அந்த டீமும் 1996ல மான்ட்ரியலுக்குப் போயிடுச்சு. ஆனா பாருங்க, அவங்க ஸ்டாலியன்ஸ் பேரைக் கொண்டு போகலை. மான்ட்ரியல் ஜனங்க ஒரு காலத்துல கொண்டாடின அலௌட்ஸ்ங்கிற பழைய பேரையே எடுத்துக்கிட்டாங்க. ஊருக்குப் போனா ஊரோட பேரு. மனசு இருந்தா முடியுது.

2007 ஜனவரி 13ம் தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பால்டிமோரோட இப்போதைய டீம் ரேவன்ஸுக்கும் இண்டியானாபோலிஸுக்கும் ப்ளேஆஃப் ஆட்டம், இங்கேயே. பெரியவர் வீட்டுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். டிவியில அந்த வெள்ளை ஹெல்மெட்டும் நீல லாடமும் வந்ததும் அறையே அமைதியாயிடுச்சு. சின்ன வயசுல அவர் அப்பாவோட மைதானத்துக்குப் போய்ப் பார்த்த அதே லாடம், அதே நீலம், இப்போ எதிரணியா வந்து நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை. 15க்கு 6னு இண்டியானாபோலிஸ் ஜெயிச்சிடுச்சு. பெரியவர் திட்டுவார்னு எதிர்பார்த்தேன். "வேற சட்டை போட்டுக்கிட்டு வந்து அடிச்சிருந்தா வலிச்சிருக்காது"ன்னு மட்டும் சொன்னார்.

அன்னிக்குத்தான் எனக்கு இந்த விஷயத்துல ஒரு கட்சி உண்டாச்சு. டீம் ஊர் மாறினா பேரை விட்டுட்டுத்தான் போகணும்.

இப்போ ரேவன்ஸ் எங்கிருந்து வந்ததுன்னு கேப்பீங்க. கேளுங்க. அதுவும் வேற ஒரு ஊர் வயித்தெரிச்சல்தான்! க்ளீவ்லேண்ட் ப்ரவுன்ஸ் முதலாளி ஆர்ட் மாடெல், 1995 நவம்பர் 6ம் தேதி, டீமை பால்டிமோருக்குக் கொண்டு வர்றதா அறிவிச்சார். தனக்கு நடந்ததையே இன்னொரு ஊருக்குச் செஞ்சது பால்டிமோர். ஆனா க்ளீவ்லேண்ட் சும்மா விடலை. வழக்கு, போராட்டம், நாடு முழுக்க ரசிகர்களோட கூச்சல். கடைசியில 1996 பிப்ரவரியில ஒரு சமரசம். ஆட்டக்காரங்களும் முதலாளியும் பால்டிமோர் போகலாம். ப்ரவுன்ஸ்ங்கிற பேரு, நிறம், பழைய சாதனைக் கணக்கு எல்லாம் க்ளீவ்லேண்டுக்கே. 1999ல அந்தப் பேர்லயே அங்க புது டீம் வந்தது.

பால்டிமோர் புதுப் பேரு தேடிச்சு. எட்கர் ஆலன் போ 1849ல செத்ததும் புதைக்கப்பட்டதும் இந்த ஊர்லதான். அவரோட புகழ்பெற்ற கவிதையில வர்ற அண்டங்காக்கையை வெச்சு ரேவன்ஸ். கவிதைல இருந்து பேரு எடுத்த ஃபுட்பால் டீம், கேக்கவே அழகா இல்லை? ரெண்டு தடவை சூப்பர் பௌல் ஜெயிச்சாச்சு. இன்னிக்கு இந்த ஊருப் பசங்களுக்கு அந்தப் பேருதான் உசுரு. பேரை விட்டுட்டு வந்ததால டீமுக்கு ஒரு குறையும் வரலை. இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?

வீட்டுல தங்கமணி இதை ஒத்துக்கலை. "உங்க தாத்தா ஊரை நீங்க மட்டும் இனிஷியல்ல சுமந்துக்கிட்டு அமெரிக்கா வரலையா? டீம் மட்டும் பேரை விட்டுட்டுப் போகணுமா?"ன்னு ஒரே போடு. நியாயமான கேள்விதான், ரெண்டு நாள் யோசிச்சேன். நான் அந்த எழுத்தைச் சுமந்துட்டு வந்ததால ஊருக்கு ஒண்ணும் குறையலை. ஊர்ப் பலகை அங்கேயேதான் நிக்குது. அங்க பொறக்கிற குழந்தைக்கு அதே இனிஷியலை வைக்கக் கூடாதுன்னு நான் கோர்ட்டுக்குப் போக முடியாது. டீம் பேரு அப்படி இல்லை. ஒருத்தர் எடுத்துக்கிட்டா இன்னொருத்தருக்கு இல்லை. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

இன்னொரு வாதம், "வெறும் பேரை வெச்சு நாக்கு வழிக்கவா?" நியாயம்தான். க்ளீவ்லேண்டுக்குப் பேரு கிடைச்சது, ஆனா ஜெயிக்கிற டீம் கிடைக்கலை. 2017ல ஆடின பதினாறு ஆட்டத்துலயும் தோத்தாங்க. சியாட்டில்ல இருந்து 2008ல சூப்பர்சோனிக்ஸ் பாஸ்கெட்பால் டீம் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனப்போ பேரையும் நிறத்தையும் சியாட்டிலுக்கு விட்டுட்டுத்தான் போனாங்க. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அந்தப் பேருக்கு ஒரு டீம் வரலை. இருந்தாலும், வாசல்ல பேர்ப்பலகை தொங்கற காலி வீட்டுக்கும் பலகையையும் பிடுங்கிட்டுப் போன வீட்டுக்கும் வித்தியாசம் உண்டுன்னு நான் நினைக்கிறேன்.

கஷ்டமான கேஸும் இருக்கு. அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் டீம் 1901ல பிலடெல்ஃபியாவுல ஆரம்பிச்சது. அப்புறம் கன்ஸாஸ் சிட்டி. 1968ல இருந்து 57 சீசன் ஓக்லண்ட். 2024ல அங்கிருந்தும் கிளம்பிட்டாங்க. பேரு கூடவே போச்சு. அந்தப் பேரு யாருக்குச் சொந்தம்? வெச்ச பிலடெல்ஃபியாவுக்கா, 57 சீசன் வாழ்ந்த ஓக்லண்டுக்கா? என் ஓட்டு ஓக்லண்டுக்குத்தான். யாரு வெச்சாங்கங்கிறதைவிட, கடைசியா யாரு தொண்டை கிழியக் கத்தினாங்கங்கிறதுதான் கணக்கு.

இதே கணக்குப்படி பார்த்தா, இன்னிக்கு கோல்ட்ஸ் பேரை இண்டியானாபோலிஸ்ல இருந்து பிடுங்கவும் முடியாது. நாப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. அந்த லாடத்தைப் பார்த்து வளர்ந்த பசங்க அங்க அப்பா அம்மா ஆயிட்டாங்க. லாரி ஏத்தினதுல அவங்களுக்கு என்ன பங்கு? இப்போ பிடுங்கினா அது ரெண்டாவது திருட்டு. ஷார்லட் நகரத்துக்கு ஹார்னெட்ஸ்ங்கிற பேரு 2014ல திரும்பக் கிடைச்சது. ஆனா அது நியூ ஆர்லியன்ஸ்காரங்க 2013ல தாங்களாவே பெலிகன்ஸ்னு பேரை மாத்திக்கிட்டதால. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்காது.

அதனாலதான் சொல்றேன், இதைப் போற அன்னிக்கே தீர்த்துடணும். முதலாளியோட நல்ல மனசை நம்பாம, ஊரோட கூச்சலை நம்பாம, லீகே விதியா எழுதி வைக்கணும். ஆட்டக்காரன், ஒப்பந்தம், பந்து, ஹெல்மெட் எல்லாம் உன்னுது, எடுத்துக்கிட்டுப் போ. ஊரு சேர்ந்து உண்டாக்கினது பேரு ஒண்ணுதான். அதை வெச்சுட்டுப் போ.

யுனைடஸ் 2002ல காலமானார். சாகற வரைக்கும் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸோட ஒட்டவே இல்லை. லீகோட கணக்குப்படி அவர் சாதனையெல்லாம் அந்த டீமோட வரலாற்றுலதான் சேரும். சிலை மட்டும் இங்க ரேவன்ஸ் ஸ்டேடியம் வாசல்ல நிக்குது. ஆட்டத்துக்குப் போறவங்க அதோட காலணியைத் தொட்டுட்டுத்தான் உள்ள போறாங்க. அவர் ரேவன்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை.

உங்க ஊரு டீம் நாளைக்கு லாரி ஏறினா நீங்க என்ன கேப்பீங்க? டீமையா, பேரையா? யோசிச்சுச் சொல்லுங்க.