காற்று எந்தப் பக்கம்? 'தரங்கிணி' பாய்மரக் கப்பலில் பயிற்சி நாள்கள்!

கொச்சிக்குப் போனால் சீன வலை, மட்டாஞ்சேரி, படகு சவாரி என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம். போன முறை எனக்கு வேறொரு காட்சி கிடைத்தது. கடற்படையில் இருக்கும் என் பெரியம்மா மகன், "வா, நான் பயந்த இடத்தைக் காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். எதிரே நின்றது, ஐ.என்.எஸ். தரங்கிணி.

54 மீட்டர் நீளம், மூன்று பாய்மரங்கள், 20 பாய்கள். கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1997 நவம்பர் 11-ல் கடற்படையில் சேர்ந்தது. 2003-04-ல் உலகையே சுற்றிவந்த முதல் இந்தியக் கடற்படைக் கப்பல் இதுதான்.

"ஜி.பி.எஸ். காலத்துல பாய்மரம் எதுக்கு அண்ணா?" என்றேன். சிரித்தார். "போர்க்கப்பல்ல பட்டனைத் தட்டினா கப்பல் போகும். இங்கே காற்று எந்தப் பக்கம்னு தெரியலைன்னா போகாது. அதைத் தோல்ல உணரணும்."

மேலே ஏறிய நாள்

பாய்களை விரிக்கவும் சுருட்டவும் பயிற்சி மாணவர்கள் கயிற்றேணியில் ஏற வேண்டும். காற்று முதுகில் அடிக்கிற பக்கமாகத்தான் ஏறுவார்கள். அப்போதுதான் காற்று ஆளை ஏணியோடு சேர்த்து அழுத்தும். மேலே போனதும், குறுக்குக் கழிக்குக் கீழே தொங்கும் கயிற்றில் நின்றபடி பக்கவாட்டில் நகர வேண்டும். பக்கத்தில் ஒருவர் கால் வைத்தால் நம் கால் கயிறும் ஏறி இறங்கும்.

"இடுப்புல பெல்ட் இருக்கு. ஆனா, மூளை நம்பாது. முதல் நாள் பாதி ஏணியில உறைஞ்சு நின்னுட்டேன். கண்ணுல தண்ணி. கீழே இருந்த மாலுமி திட்டலை. 'ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு. அடுத்த படியை மட்டும் பார்'னு சொன்னார்."

கப்பலோடிகளின் பழைய வாசகம் அது. அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. 1957 செப்டம்பரில் ஜெர்மனியின் 'பாமிர்' என்ற பயிற்சிப் பாய்மரக் கப்பல் அட்லாண்டிக் புயலில் மூழ்கியது. 86 பேரில் பிழைத்தவர்கள் 6 பேர்தான். இறந்தவர்களில் பலர் பயிற்சி மாணவர்கள்.

தூக்கமும் நட்சத்திரமும்

மற்ற நேரமெல்லாம் வாட்ச் முறைதான். நான்கு மணி நேரம் வேலை, பிறகு ஓய்வு. சுக்கான் பிடிப்பது, கண்காணிப்பது, மேல்தளம் கழுவுவது, கயிறு முடிவது என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் காற்று திசை மாறினால், தூங்குகிறவர்களும் எழுந்து ஓடிவந்து கயிறு இழுக்க வேண்டும். முதல் சில நாள்கள் வாந்தி வேறு! அதற்காக வாட்ச் காத்திருக்காது. வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்ததாகச் சொன்னார்.

"இன்ஜினை நிறுத்திட்டுப் பாய்ல மட்டும் போற ராத்திரி இருக்கே... தண்ணி சத்தம், கயிறு முனகுற சத்தம், தலைக்கு மேல நட்சத்திரம். பட்ட பாடெல்லாம் அப்போ மறந்துடும். கடைசி வாரம் நான்தான் முதல்ல மேலே ஏறினேன்."

திரும்பி வரும்போது கேட்டேன். "பெரியம்மாகிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?"

"ஏறினதைச் சொன்னேன். அழுததைச் சொல்லலை."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவரே சொன்னார். "நீ எழுது. அம்மா போன்ல படிச்சுக்கட்டும்!"