பாட்டி பாடிய விசிடி

விசிடி என்றால் என்ன என்று கேட்கும் தம்பி தங்கைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார்கள். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படம் கொள்ளும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று வட்டுகள் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஐந்தடிக் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அவை குவிந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, விசிடியாகத்தான் வீடு வந்து சேரும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. 2003-இல் அத்தை மகள் திருமணத்துக்கு முதல் நாள் இரவு, எல்லாரும் வற்புறுத்திய பிறகு பாட்டி பாடிய ஆறு நிமிடப் பாட்டு அதில் இருந்தது. காப்பார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர் அவர். பிரட்டுக்குப் போகும் இருட்டு, மங்கு துடைக்கும் கை, கங்காணியின் அதட்டல் எல்லாம் அந்தப் பாட்டில் வரும். 2006-இல் பாட்டி தவறிவிட்டார்.

2008-இல் நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தோட்டப்புற வாய்மொழிப் பாடல் பற்றி ஓர் இடுபணி. வட்டைக் கேட்டபோது அம்மா தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். "பாத்துப்பா, இது ஒண்ணுதான் இருக்கு." வீட்டு இயந்திரத்தில் போட்டால் பாட்டு ஏற்கெனவே திக்கத் தொடங்கியிருந்தது.

என்னிடம் இருந்ததோ பழைய மடிக்கணினி. அதில் உபுண்டு லினக்ஸ். (கேட்பவர்க்கெல்லாம் உபுண்டு வட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பிவந்தார்கள், 2011 வரை அது நடந்தது. கையில் காசில்லாத மாணவனுக்கு அதைவிட நல்ல தத்துவம் வேறில்லை.) விசிடியைப் போட்டேன். கூடவே வந்த இயக்கி படம் காட்ட மறுத்தது. கோப்பையாவது நகலெடுப்போம் என்றால் பிழைச்செய்தி வந்தது. வட்டு கெட்டுவிட்டது என்றே நினைத்து, அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசிகூடச் செய்யவில்லை.

"கெட்டுப்போச்சுனு யாருலா சொன்னா?" என்றார் கணினித்துறை சீனியர் அக்கா ஒருவர். அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. எம்பெக், எம்பி3 போன்ற ஒலி ஒளி வடிவங்களுக்கு அப்போது காப்புரிமை இருந்தது. இலவசமாகக் கொடுக்கும் ஓர் இயங்குதளம் அவற்றை உடன் வைத்துக் கொடுத்தால் சட்டச் சிக்கல் வரலாம். அதனால் வேண்டியவர் தாமே நிறுவிக்கொள்ள வேண்டும். (எம்பி3-க்கான உரிமத் திட்டம் 2017-இல் முடிந்தது, இன்று அந்தத் தொல்லை இல்லை.) நகலெடுக்க முடியாததற்குக் காரணம் வேறு. சாதாரணத் தரவு வட்டில் ஒரு பகுதிக்கு 2048 பைட் தரவும், பிழை திருத்தக் கூடுதல் இடமும் இருக்கும். விசிடியில் அந்தத் திருத்தும் இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட் ஆக்கிவிட்டார்கள். வழக்கமான கோப்புபோல அதை எடுக்க முடியாது.

"விஎல்சி போடு தம்பி" என்றார். கறுப்புத் திரையைத் திறந்து "சூடோ ஏப்ட்-கெட் இன்ஸ்டால் விஎல்சி" என்று தட்டச்சு செய்தேன். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை வேலை செய்யவில்லையோ என்று பயம். அது அப்படித்தானாம். பிறகு கேட்டது ஒன்று, வந்தது பல. வாழை இலையில் சோறு கேட்டால் கூட்டும் ரசமும் அப்பளமும் தானாக வருவதுபோல, விஎல்சிக்கு வேண்டிய துணைநிரல்கள் வரிசையாக இறங்கின. இதை நம்பித்தான் லினக்ஸ் புதியவரை வாழவைக்கிறது. ஒரே ஒரு கோப்பை மட்டும் சைபர் கஃபேயிலிருந்து பென்டிரைவில் தூக்கிவந்தால் இந்தப் பந்தி நடக்காது.

விஎல்சியை நம்மைப் போன்ற மாணவர்களே தொடங்கினார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. 1996-இல் பாரிஸ் எக்கோல் சென்ட்ரால் கல்லூரியில், வளாக வலையமைப்பில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக அவர்கள் செய்த வேலை அது. 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில் உலகுக்கே கொடுத்துவிட்டார்கள்.

'வட்டைத் திற' என்பதில் டிவிடியை விட்டு விசிடியைத் தேர்ந்தெடுத்தேன். சில நொடி இரைச்சல். பிறகு பாட்டி, பச்சைச் சேலையில், கொஞ்சம் வெட்கத்தோடு. விசிடிஎக்ஸ்ரிப் என்ற நிரலால் முழு வட்டையும் கணினியில் எடுத்து வைத்தேன். நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் கணக்கில் பாட்டு மட்டும் அறுபது.

வரிகளை எழுதிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். நாலாவது நிமிடத்தில், மூச்சு வாங்கும் இடம் என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில், பாட்டி ஒரு பெயரைச் சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயர்.

சனிக்கிழமை கொமுட்டர் ஏறிக் கிள்ளான் போய் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அம்மா மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறைக்குப் பிறகு, "அண்ணன் பேரு" என்றார். அம்மா பிறப்பதற்கு முன், லயத்துவீட்டில் காய்ச்சலில் போன பிள்ளை. இரண்டு வயது.

பாடலை முழுதும் எழுதி ஒப்படைத்தேன். அந்த இடத்தில் மட்டும் மூன்று புள்ளி வைத்தேன்.