அடைப்பமும் அழைப்பும்



மூன்று வாரங்களுக்கு முன், ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து ஆலயக் கதவைச் சாத்தும் வேளையில், நம் சபையின் வாலிபப் பெண் ஒருத்தி தயங்கியபடி வந்து நின்றாள். வணிகவியலில் பட்டம் பெற்றவள், அதன்பின் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு அழகுக்கலையும் பயின்றவள். குரோம்பேட்டையில் ஒரு சலூனில் அவளுக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. தாம்பரம் மெப்ஸ் வளாகத்திலுள்ள ஓர் அலுவலகத்திலிருந்தும் அழைப்பு வந்திருந்தது. சம்பளம் அங்கேதான் கூடுதல்.

"ஐயா, முடிதிருத்தும் வேலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. முதல் ஆறு மாதம் தலை அலசுவதும், தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதும்தான் வேலை. பத்து மணி நேரம் நிற்க வேண்டும். அதன்பிறகே கத்தரியைக் கையில் கொடுப்பார்களாம். தவறாக வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாதே! அப்பாவோ, நம் குடும்பத்தில் யாரும் செய்யாத வேலை என்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

"ஜெபித்துச் சொல்கிறேன், மகளே" என்று அனுப்பிவைத்தேன். சொல்ல வெட்கப்படுகிறேன்: அன்று என் மனதில் எழுந்த முதல் எண்ணம், அலுவலகத்துக்கே போகச் சொல்லிவிடலாம் என்பதுதான். ஏன் அப்படித் தோன்றிற்று என்று அன்றிரவு என்னையே கேட்டபோது, என் தாத்தாவின் அடைப்பம் நினைவுக்கு வந்தது.

அடைப்பம் என்பது நாவிதர் தம் கருவிகளை வைத்திருக்கும் பை. சவரக்கத்தி, கத்தரி, சீப்பு, தீட்டுக்கல், தண்ணீர்க் கிண்ணி எல்லாம் அதற்குள் இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் வீடுவீடாகச் சென்றவர் என் தாத்தா. முன்வாசலுக்கு அவர் போனதில்லை. கொல்லைப்புற மரத்தடிதான் அவருடைய கடை. அறுவடைக் களத்தில் அளந்துபோடும் நெல்லே கூலி. கட்டிக்கு மருந்து வைத்தவரும் அவரே. ஊரின் பிரசவங்களைப் பார்த்தவர் என் பாட்டி. ஊரார் அவரைக் 'குடிமகன்' என்றார்கள். இன்று அச்சொல் நாட்டின் பிரஜையைக் குறிக்கிறது. அன்று ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவனைக் குறித்தது. சேரி மக்களுக்கு முடிவெட்ட ஊர் அவரை விடவில்லை. அவரும் அதை மீறத் துணியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இறையியல் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், உடன்பயின்ற ஒருவர் என் குடும்பத் தொழில் என்னவென்று கேட்டார். "விவசாயம்" என்றேன். முப்பது ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் நின்று சத்தியத்தைப் பேசுகிற நான், அந்தப் பொய்யை ஒருநாளும் திருத்தவில்லை.

அன்றிரவு ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தை வாசித்தேன். சிறையிலிருந்த யோசேப்பைப் பார்வோன் அழைத்தபோது, அவன் சவரம் செய்து, உடை மாற்றிக்கொண்ட பிறகே அரசன்முன் நின்றான். சொப்பனத்தைப்பற்றியும் பஞ்சத்தைப்பற்றியும் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் சவரத்தை மட்டும் கடந்துபோயிருக்கிறேன். கத்தியைப் பிடித்தவர் யார் என்று வேதம் சொல்லவில்லை. யாராயிருந்தாலும், கைதியாய்க் கிடந்தவனை அரசன்முன் தலைநிமிர்ந்து நிற்க ஆயத்தப்படுத்திய வேலை அது.

2 சாமுவேல் 10ஆம் அதிகாரத்தில் இதற்கு எதிரானதைக் காண்கிறோம். தாவீதின் ஊழியக்காரருடைய தாடியை அம்மோனியர் பாதி சிரைத்து அவமானப்படுத்தினார்கள். தாடி வளரும்வரை எரிகோவிலே தங்கியிருக்கும்படி தாவீது சொல்லியனுப்பினான். அந்தப் பெண்ணின் பயம் நியாயமானது என்று அப்போது எனக்கு விளங்கிற்று. தலையைத் தொடுகிறவர், அந்த மனிதருடைய கனத்தைத் தொடுகிறார்.

மறுநாள் அவளை அழைத்து ஜெபித்தபின், சலூனில் கேட்கவேண்டியவற்றை எழுதிக்கொடுத்தேன். கத்தரி பிடிக்கக் கற்றுத்தருபவர் யார்? சம்பளமும் வார விடுமுறையும் எழுத்தில் உண்டா? இடையில் விலகினால் பணம் கட்டவேண்டுமா? இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள்? முடியை நேராக்கும் கலவைகள் சில, சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அறையில் காற்றோட்டம் உண்டா? சாயம் பூசக் கையுறை தருவார்களா? தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்துதருவது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. உட்கார இடம் உண்டா? எந்நிலையிலும் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதே என்றும் சொன்னேன்.

வியாழக்கிழமை பதில்களோடு வந்தாள். அசல் சான்றிதழ்களைத்தான் கேட்டார்களாம். மறுத்துவிட்டாள், பின்பு நகலுக்குச் சம்மதித்தார்களாம். இருக்கையைப்பற்றிக் கேட்டபோது மேலாளர் சிரித்தாராம். ஆயினும் ஒரு முக்காலி போடுவதாகச் சொன்னாராம். முடிவை அவள் ஏற்கெனவே எடுத்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தகப்பனாரின் சம்மதம் மட்டுமே மீதம்.

அன்று மாலை சேலையூரிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். "ஐயா, நீங்களே சொல்லுங்கள். பட்டம் படித்த பிள்ளை ஊரார் தலைமயிரைக் கூட்டலாமா?" என்று தகப்பனார் கேட்டார். என் தாத்தாவைப்பற்றிச் சொன்னேன். என் மனைவிக்கு அப்பால் நான் அதைச் சொன்ன முதல் மனிதர் அவரே. நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார்.

"இத்தனை வருஷம் சொல்லவில்லையே, ஐயா" என்றார்.

"சொல்லியிருந்தால், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருப்பீர்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. காப்பி வந்தது. குடித்து முடித்தபின், மகளைப் பார்க்காமலே சொன்னார்: "ராத்திரி ரயிலில் வந்து இறங்கும்போது, ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிவருவேன்."

பெற்றோரே, படிப்பும் கத்தரியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் என்பவர் தம் முடிதிருத்தும் கடையிலே நூலகம் வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையில் அவரோடு பேசியதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். வாலிபரே, முதல் வேலை கடினமாயிருப்பதால் மட்டும் அதைத் தள்ளவேண்டாம். கடினமாயிருப்பதாலேயே அது தேவசித்தம் என்று எண்ணி அநீதிக்கு உடன்படவும் வேண்டாம். கேட்கவேண்டியதைக் கேட்டு, பிறகு தைரியமாய்க் காலெடுத்து வையுங்கள்.

கடந்த திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். இப்போது முடியைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். என் தாத்தா தொட அனுமதிக்கப்படாத தலைகளும் நாளை அவள் கைகளுக்கு வரும்; யாருடைய தலை என்று அங்கே எவரும் கேட்கப்போவதில்லை. ஊரில் என் தம்பி பழைய பெட்டியில் வைத்திருக்கும் அடைப்பத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இனி அது என் வாசிப்பு மேசையின்மேல் இருக்கும்.

ஜெபம்: எங்கள் தலைமயிரையும் எண்ணிவைத்திருக்கிற பிதாவே, உழைக்கும் கைகளை நாங்கள் தாழ்வாக எண்ணிய பாவத்தை மன்னியும். முதல் வேலையின் வாசலில் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஞானத்தையும் நல்ல எஜமான்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.