நாதஸ்வரம் காட்டிக்கொடுத்த பள்ளம்

ரிச்சி தெருவில் இப்போது கண்ணில் படுவதெல்லாம் சிசிடிவி கேமராவும் செல்போன் உறையும்தான். கையில் கார் கேசட் பிளேயரோடு போன என்னை மூன்று கடைக்காரர்கள் பார்வையிலேயே அனுப்பிவிட்டார்கள். நான்காமவர் மாடிப்படியைக் காட்டினார்.

மேலே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றே ஆகவேண்டிய அறை. அறுபதைத் தாண்டிய மெக்கானிக். அப்பாவின் மாருதி 800-இலிருந்து கழற்றிய செட்டை வாங்கி, சிவப்பு ஒயரையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி 12 வோல்ட் சப்ளையில் கொடுத்தார்.

"ரேடியோ பாடுதா?"

"பாடுதுண்ணே. கேசட் போட்டாத்தான் இழுக்குது."

"அப்ப போர்டுல ஒண்ணுமில்ல. ஓட்டுற பக்கந்தான் கோளாறு."

பாதி வேலை அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது. மூடியைக் கழற்றினார். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பெல்ட் தொய்ந்து கிடந்தது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரவேண்டும். பெல்ட் வழுக்கினால் பாடகிக்கும் ஆண்குரல் வந்துவிடும். மோட்டாரின் முதுகில் உள்ள துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு வேகத்தை ஏற்றிக் கொடுப்பவர்களும் உண்டாம். "அது ரெண்டு மாசம் தாங்கும் சார். அப்புறம் திட்டிக்கிட்டே வருவாங்க." சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்தார். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து அந்த அளவுக்குக் கொஞ்சம் சிறியதாக ஒரு பெல்ட்டைத் தேடி எடுத்தார்.

பாட்டு ஓடியது. எனக்குச் சரியாகத்தான் கேட்டது. அவருக்குத் திருப்தியில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாதஸ்வரக் கேசட்டை எடுத்துப் போட்டார். வேகம் பார்க்க 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடாக்கள் உண்டு. இவருக்கு நாதஸ்வரக் கார்வை போதும். நேராக நிற்கவேண்டிய ஸ்வரம் அலை மாதிரி ஏறி இறங்கியதை நானும் அப்போதுதான் கேட்டேன், சீரான இடைவெளியில், மெல்லிய குலுக்கலாக.

"கேசட்டை உள்ளயே வச்சுட்டு வண்டிய ஆஃப் பண்ற பழக்கமா?"

அப்பாவின் பழக்கம் அதுதான். பாதிப் பாட்டில் சாவியைத் திருப்புவார். மறுநாள் அதே இடத்திலிருந்து பாடும். அதில் அவருக்கு ஒரு பெருமை. கடைசி இரண்டு வருடம் வண்டியையே எடுக்கவில்லை.

நாடாவை நகர்த்துவது ஊசி போன்ற இரும்புத் தண்டும், அதை அழுத்தி உருளும் ரப்பர் ரோலரும். சாவியைத் திருப்பினால் தானே விலகிக்கொள்ளும் ஏற்பாடு சில செட்களில் இருக்கிறது. எங்களுடையதில் இல்லை. அழுத்தியபடியே நின்ற ரோலரில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. விரல் நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார், தட்டுப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறது.

செத்துப்போன வேறொரு செட்டிலிருந்து ரோலர் வந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்தார். நாடாவின் இரும்புத் துரு பழுப்பாகப் பஞ்சில் ஒட்டியது. பிறகு ஹெட்டின் ஓரத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பினார், கண்ணை மூடிக்கொண்டு. ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்காவிட்டால் மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். தவிலுக்குப் பின்னால் ஜால்ரா பளிச்சென்று விழுந்ததும் கையை எடுத்துவிட்டார்.

கூலி 450 ரூபாய். செட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தவர், அப்பாவின் கேசட்டை மட்டும் தனியே எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார்.