பூச்சிய வழு

கல்லூரி விழா மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவது எனச் சின்னாள் மயங்கினேன். விளையாட்டிலும் நாவன்மையிலும் புகழ் ஈட்டியோர் அவற்றைப் பற்றி எழுதுவர். கடைசி வாங்கிலிருந்து கணிதமும் பௌதிகமும் கற்று, பொறியியலாளனாகிப் பிறநாட்டில் நரைகண்ட எனக்கு அத்தகைய பெருமைகள் இல்லை. ஆகவே, எமது பௌதிக ஆய்வுகூடத்தில் கற்ற பாடமொன்று, எதிர்பாராத ஓரிடத்தில் எனக்குக் கைகொடுத்த வரலாற்றைக் கூறுகின்றேன். அவ்விடம் துப்பாக்கி சுட்டுப் பழகும் திடல். மரக்கறி உண்ணும் சைவனுக்கு அங்கே என்ன அலுவல் என வாசகர் நகைத்தல் கூடும், பொறுத்தருள்க.

யான் வாழ்வது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். மான்வேட்டை இங்கு ஒரு திருவிழாப் போன்றது. 2018 வரை, நன்றி நவிலல் நாளை அடுத்த திங்கட்கிழமையே றைபிள் வேட்டை தொடங்கும் நாள். அன்று பல பாடசாலைகளுக்கு விடுமுறை. 2019 முதல் அதனைச் சனிக்கிழமைக்கு மாற்றினர். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் றைபிளால் மானைச் சுடுதலை இம்மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆதலின், குழலின் கீழுள்ள முன்கட்டையைக் கையால் பின்னிழுத்து முன்தள்ளித் தோட்டா ஏற்றும் 'பம்ப்' வகை றைபிள் இங்கு பெருவழக்காயிற்று. புதிய இயந்திரங்களை ஒதுக்கி வாழும் ஆமிஷ் மக்களின் பெயரால் இதனை 'ஆமிஷ் இயந்திரத் துப்பாக்கி' என வேடிக்கையாக அழைப்பாரும் உளர்.

என் அயல்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற உருக்காலைத் தொழிலாளி. அவரிடம் தந்தையார் விட்டுச்சென்ற றெமிங்ரன் 760 ஒன்று உண்டு. 1952 முதல் 1981 வரை செய்யப்பட்ட வகை அது. ஓர் இலையுதிர்காலத்தில் அவர் என்னிடம் வந்தார். முந்திய ஆண்டு தாம் சுட்ட மானொன்று காயத்துடன் ஓடிவிட்டதென்றும், இருளும்வரையும், மறுநாட் காலையிலும் இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தும் அதனைக் காணவில்லையென்றும் கூறினார். கூறும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது, விற்றுவிடலாமா, பொறியியலாளராகிய நீங்கள் ஒருமுறை பாருங்கள் என்றார்.

யான் 1984இல் ஊரை விட்டு வந்தவன். துப்பாக்கி என்ற சொல்லே என் வயிற்றைக் குளிரச் செய்யும். ஆயினும், தேடியும் கிடைக்காத அம்மானின் நினைவு என்னை மறுக்கவிடவில்லை.

திடலில் உறுதியான மேசை, அதன்மேல் மணற்பைகள், 100 யார் தூரத்தில் குறிப்பலகை. பெரியவர் முன்கட்டையைப் பைமேற் கிடத்திச் சுட்டார். ஒவ்வொரு வேட்டின் பின்னும் தொலைநோக்கிக் கண்ணாடியின் திருகைத் திருப்பினார். மேலே பட்டால் கீழே திருப்பினார். இடப்புறம் பட்டால் வலப்புறம் திருப்பினார். துளைகள் ஐந்தங்குலப் பரப்பிற் சிதறின.

அக்கணம் எமது ஆய்வுகூடம் என் கண்முன் வந்தது. வேணியர் இடுக்கிமானியைக் கையில் தந்ததும் எதையும் அளக்க எங்கள் ஆசிரியர் விடமாட்டார். தாடைகளை மூடிப் பூச்சியமும் பூச்சியமும் பொருந்துகின்றனவா எனப் பார்க்கச் செய்வார். ஒவ்வொரு முறையும் ஒரே அளவாற் பிழைத்தால் அது பூச்சிய வழு, கழித்துவிடலாம். முறைக்கொரு விதமாகப் பிழைத்தால் கழிப்பதற்கு எதுவுமில்லை. முதலிற் கையைத் திருத்து என்பார்.

பெரியவரிடம் திருகைத் தொடவேண்டாமென்று கேட்டுக்கொண்டு, கொப்பியொன்றில் ஒவ்வொரு வேட்டையும் குறித்தேன். மும்மூன்று வேட்டுகளாகச் சுட்டு, குழல் ஆறும்வரை காத்திருந்தோம். பையை முன்கட்டையின் நுனியில் வைத்தபோது துளைகள் ஓரிடத்திலும், பின்னே நகர்த்தியபோது வேறோரிடத்திலும் விழுந்தன. காரணம் விளங்கிற்று. ஏனைய றைபிள்கள் பலவற்றில் முன்பின்னாக நீண்ட ஒரே மரக்கட்டை இரும்போடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். பம்ப் றைபிளிலோ முன்கட்டை தனி. ஓடவேண்டியதாதலின் சிறிது ஆட்டமும் உடையது. அதன்மேற் பாரத்தைப் போட்டால், அழுத்தம் வேட்டுக்கு வேட்டு மாறும்.

பின்னர் முன்கட்டையை முற்றாக முன்தள்ளி, இடக்கையால் மென்மையாகப் பற்றி, அக்கையையே பைமேல் வைக்கச் செய்தோம். பிடங்கின் அடியில் இன்னொரு பை. குழல் எதிலும் முட்டவில்லை. இழுத்தலுமில்லை, தள்ளலுமில்லை, காட்டிற் பிடிக்கும் பிடியே மேசையிலும். துளைகள் இரண்டங்குலத்துள் அடங்கின. இப்போதுதான் திருகுக்கு வேலை வந்தது. ஒரு சொடுக்குக்குக் கால் அங்குலமாகக் கணக்கிட்டு, 100 யாரில் இரண்டங்குலம் மேலே படுமாறு அமைத்தோம். .30–06 தோட்டாவுக்கு அது 200 யார் வரை போதுமானது.

அதன்பின் பெரியவர் என்னையும் ஒருமுறை சுட்டுப் பார்க்கச் சொன்னார். மறுத்தும் விடவில்லை. அமர்ந்தேன், மூச்சைப் பாதி விட்டேன், விசையை மெல்ல அழுத்தினேன். 'டிக்' என்ற ஓசை மட்டுமே கேட்டது. எனக்குத் தெரியாமல் அவர் வெற்றுத் தோட்டாவை வைத்திருந்தார். தொடக்கக்காரரின் கையைச் சோதிக்கும் வழி அது. ஆனால் என் கண்கள் மூடியிருந்தன, தோள் துள்ளியிருந்தது, குழல் தாழ்ந்துவிட்டது. அசையாத மேசையின்மேல், வெடியாத துப்பாக்கியின் முன், யான் ஒருவனே அசைந்தேன்.

பெரியவர் நகைக்கவில்லை. எல்லோருக்கும் வருவதுதான் என்றார். என்னுடையது வேறு ஊரில், வேறு துப்பாக்கிகளின் ஓசையில் வந்ததென்று அவருக்குச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கதவு அறையுந்தோறும், வாணம் வெடிக்குந்தோறும் துள்ளிய தோள் அது. மறந்துவிட்டேன் என்றிருந்தேன். வெற்றுத் தோட்டாவால் ஐந்தாறு முறை பழகியபின் குழல் அசையவில்லை. உண்மைத் தோட்டாவும் கறுப்பு வட்டத்துள் பட்டது. அதன்பின் யான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் என் தோளை இப்போது அறிவேன்.

அவ்வாண்டு வேட்டையின் முதல் நாள் மாலை பெரியவர் வெறுங்கையோடு திரும்பினார். மானொன்று ஏறத்தாழ 150 யாரில் நின்றதாம். சாய்ந்துகொள்ள மரமில்லை, கை நடுங்கிற்று, ஆகவே சுடவில்லை. இம்முறை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

இன்று அதே ஆய்வுகூடத்திற் பயிலும் தம்பிமாருக்கு யான் சொல்லக்கூடியது ஒன்றே. கருவியைக் குறைகூறுமுன் தாடைகளை மூடிப் பாருங்கள்.