ஒன்றரை அடி

போன வாரம் நான் போட்ட படத்தில் பின்னால் தெரிந்த புது வேலியைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கதை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பாகூர் வீட்டுத் தோட்டத்துக்கும் பெரியப்பா மகன் அண்ணன் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் அப்பா வைத்த வேலி இருந்தது. நொச்சியும் ஆடாதொடையும். ஆடு மாடு வாய் வைக்காது என்று அப்பா தேர்ந்தெடுத்தவை. இடைவெளியில் பனைமட்டை கட்டியிருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் பக்கத்தையும் மூழ்கடித்தது. எங்கள் வேலி அதோடு போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் அண்ணன் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினார். அது என் பக்கம் தள்ளி வந்துவிட்டதாக எனக்குப் பட்டது. கேட்டேன். "பழைய இடந்தான்டா" என்றார். நான் நம்பவில்லை. நாலு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. பையன் போனில், "காம்பவுண்டு சுவர் எழுப்பிடுங்கப்பா, தொல்லை விட்டுது" என்றான். மேஸ்திரியிடமும் சொல்லி வைத்தேன். அதற்கு முன் நிலத்தை அளக்க மனு கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அண்ணன் செய்தது தப்பு என்று காட்டத்தான் கொடுத்தேன்.

சர்வேயர் புலப்படத்தோடு வந்தார். அளந்து பார்த்துத் தோண்டச் சொன்ன இடத்தில் பழைய எல்லைக்கல் இருந்தது. அண்ணன் கட்டிய கயிற்றிலிருந்து ஒன்றரை அடி என் பக்கம்! அப்பா வைத்த வேலியே அண்ணன் நிலத்தில்தான் இருந்திருக்கிறது. நீளம் 56 அடி. ஆக 84 சதுர அடி. 33 வருடம் பரப்பளவு கணக்கு நடத்தியவன் வாயடைத்து நின்றேன்.

அண்ணனுக்கு இது முன்பே தெரியுமாம். "சித்தப்பா வெச்ச வேலி. அத போயி அளக்கறதான்னு உட்டுட்டேன்" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நானே போனேன். "அண்ணே, கல்லு இருக்கிற இடத்திலேயே வேலி போட்டுடலாம்" என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "சுவரு வெச்சா தண்ணி எங்கடா போவும்?" அவர் தோட்டத்து மழைத்தண்ணீர் என் தோட்டம் வழியாகத்தான் வாய்க்காலுக்குப் போக வேண்டும். நான் சுவர் எழுப்பியிருந்தால் அடுத்த புயலில் அவர் அடுப்படியில் தண்ணீர் நின்றிருக்கும். கோபத்தில் அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அதனால் கருங்கல் கால், கம்பிவலை. 8 அடிக்கு ஒரு கால் என்றால் 56 அடிக்கு எத்தனை கால்? 7 என்று சொன்னவர்கள் மறுபடி ஏழாம் வகுப்புக்கு வாருங்கள்! 8 கால். படலுக்காக இன்னொன்று, மொத்தம் 9. 7 அடி கால். 2 அடி மண்ணுக்குள். குழியில் கான்கிரீட் போட்டு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகே வலையை இழுத்துக் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் கால் சாயும். இரண்டு கோடியிலும் முட்டுக்கால் அவசியம். கம்பியில் கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும், ஏமாந்துவிடாதீர்கள். நம் பக்கத்து உப்புக்காற்றுக்குத் துத்தநாகப் பூச்சு நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

வலையை ஒட்டி நொச்சிப் போத்து நட்டிருக்கிறோம். பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளில் எல்லைக்குக் கல்லும் கள்ளியும் நட்டதாக வரும். எங்களுடையது கல்லும் நொச்சியும்.

நடுவில் 3 அடிக்கு ஒரு படல் வைத்தோம். அது அண்ணன் யோசனை. என் கறிவேப்பிலை மரம் இப்போது அவர் பக்கம் போய்விட்டது. தினமும் அந்தப் படல் வழியாகத்தான் போய்ப் பறித்து வருகிறேன். அவரும் அதே வழியாக வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறார்.

ஊரில் பூர்வீக இடம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலி போடும் முன் அளந்துவிடுங்கள். அளக்கும் முன் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிடுங்கள். நான் அதைத்தான் செய்யத் தவறினேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.