பாரம்தான் மந்திரம்

டொராண்டோவில் அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு ஓய்வு கிடையாது. ஹாலோவீனுக்கு ஒருத்தி சூனியக்காரி ஆக வேண்டும், இன்னொருவன் எல்ஃப் வில்லாளி ஆக வேண்டும். யாராக மாறினாலும் கேட்பது ஒன்றுதான்: முக்காடு வைத்த நீண்ட மேலங்கி.

கடையில் மலிவாகவே கிடைக்கிறது. பளபளக்கும் பாலியஸ்டர். காற்றடித்தால் உப்பும், நடந்தால் காலில் ஒட்டும். போட்ட பிள்ளை மழைக்கோட்டு மாட்டியதுபோல் நிற்குமே தவிர, மந்திரவாதி வரமாட்டார்.

ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்கு இந்த அங்கி விளையாட்டாகத் தோன்றும். ரவிக்கையில் கால் அங்குலம் பிசகினால் அக்குள் பிடிக்கும். இங்கே பிசகக்கூடாத அளவு கழுத்து ஒன்றுதான். தளர்வாக எடுத்த கழுத்துச் சுற்று 16 அங்குலம் என்றால், அதை 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5. அந்த ஆரத்தில் ஓர் அரைவட்டம். அதிலிருந்து 50 அங்குலம் தள்ளி வெளி அரைவட்டம். 58 அங்குல அகலத் துணியில் மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும். அம்பர்லா பாவாடை வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது பாதி வேலை. விட்டத்தைத் துணியின் கரையோடு வைத்து வெட்டினால் முன்பக்க ஓரங்கள் இரண்டும் கரையாகவே அமையும், மடித்தடிக்க வேண்டாம். மிஞ்சும் மூலைகள் இரண்டிலும் சுமார் 17 அங்குலச் சதுரம் ஒவ்வொன்று தேறும். முக்காட்டின் இரு பாதிகளையும் அதிலேயே எடுத்துவிடலாம்.

அதன்பிறகு வேலை துணியின் கையில். முன்னோரமும் முதுகு நடுவும் நேர் இழையில் விழும்; இரண்டு பக்கங்களும் கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வாக. கிராஸில் வரும் இடம் தன் பாரத்திலேயே இழுபட்டு இறங்கும். ஆகவே அவசரப்பட்டுக் கீழ் ஓரம் அடிக்கக் கூடாது. ஓரிரு நாள் தொங்கவிட்டு, இறங்கியதை வெட்டிச் சமன்செய்த பிறகுதான் எம்மிங். முக்காடும் தன் பங்குக்கு அங்கியைப் பின்னால் இழுக்கும். கழுத்துக் கொக்கி தொண்டையை நெரிக்கும். உட்புறம் தோளருகே இரண்டு நாடா தைத்து, மார்பில் குறுக்காகக் கொண்டுபோய் முதுகில் முடிந்தால் பாரம் தோளுக்கு மாறிவிடும்.

இத்தனை தொல்லை தரும் பாரத்தைக் குறைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். குறைத்தால் அங்கியே இல்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் எல்ஃப் அங்கிகளுக்கு, நியூசிலாந்தின் ஸ்டான்ஸ்பரோ நிறுவனம் தன் சாம்பல்நிற ஆடுகளின் கம்பளியில் துணி நெய்து கொடுத்தது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் பனிச்சுவரைக் காக்கும் வீரர்கள் தோளில் சுமந்தவை ஐகியா தரைவிரிப்புகள் என்று ஆடை வடிவமைப்பாளர் மிஷெல் கிளாப்டன் 2016இல் சொன்னார். வெட்டி, மயிர் சிரைத்து, தோல் வார் வைத்து, பழசாக்கியிருக்கிறார்கள். இல்லாத உலகத்தை நம்பவைக்க, ஏமாற்றாத துணி வேண்டியிருக்கிறது.

முக்காட்டின் வடிவமும் கற்பனையில் பிறந்ததல்ல. கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஸ்னெஸ் என்ற இடத்துக் கல்லறைகளை 1921இல் பவுல் நோர்லுண்ட் அகழ்ந்தபோது, இடைக்கால நார்ஸ் குடியேறிகளின் கம்பளி உடுப்புகள் உறைமண்ணில் மக்காமல் கிடைத்தன. அவற்றில் முக்காடுகளும் இருந்தன, சிலவற்றுக்குப் பின்னால் நீண்ட வால்கூட. இன்று ஓவியர்கள் மந்திரவாதிக்கு மாட்டிவிடும் முக்காடு, அன்று ஆடுமாடு வளர்த்தவர்கள் காது விறைக்காமலிருக்கப் போட்டது.

அதனால் நான் துணிக்கடைக்குப் போவதில்லை. பழைய சாமான் கடைகளில் கம்பளிப் போர்வை தேடுகிறேன். வாங்கியதும் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பேன். மயிர் கருகும் நாற்றமடித்துத் தானே அணைந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். மெழுகுவர்த்தி எரியும் வாசல்தோறும் பிள்ளைகள் போய் நிற்கும் இரவுக்கு இந்தச் சோதனை வீண்போகாது. பிறகு சுடுநீரில் ஒருமுறை துவைப்பேன். கம்பளி சுருங்கி இறுகி, வெட்டிய ஓரம் பிசிறடிக்காமல் நிற்கும்.

பிள்ளைகளுக்கு வேடம் ஓர் இரவோடு முடிந்துவிடும். எனக்கு என்று தைத்துக்கொண்டதற்கு ஜனவரியில்தான் வேலை தொடங்கும். வாசல் பனியை அள்ள அதைப் போர்த்திக்கொண்டு இறங்கும்போது, இது என்ன வேடம் என்று தெருவில் கேட்பவர்கள் உண்டு. வேடமில்லை, குளிர் என்பேன்.